ஊர் நகரவில்லை, மாநிலம் மாறியது: சொந்த மெயில் சர்வரும் அப்கிரேடும்

எங்கள் திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஓர் அடி கூட நகராமல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போன ஊர் இது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், அதன்பின் படாஸ்கர் செய்த மத்தியஸ்தம், 1959-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய எல்லை மாற்றச் சட்டம் என்று பல கட்டங்களைத் தாண்டி, செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. மலை அங்கேயேதான் இருந்தது. 365 படிகளும் அங்கேயேதான் இருந்தன. ஆனால் ஒரு நிலப் பத்திரத்தைப் படித்து இது செல்லும் என்று சொல்ல வேண்டிய ஆபீசர் மட்டும் மாறிவிட்டார். பழைய மாநிலத்துச் சட்டங்கள் ஒரே ராத்திரியில் செல்லாமல் போய்விடாதபடி, அந்தச் சட்டத்திலேயே இடைக்கால ஏற்பாடுகளையும் எழுதி வைத்தார்கள். அது இல்லாவிட்டால் பத்திரம் பீரோவில் இருந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது.

வீட்டில் சொந்தமாக மெயில் சர்வரும் வெப் சர்வரும் வைத்து நடத்துகிறவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த 1960 விஷயம்தான். ஆபரேட்டிங் சிஸ்டத்தை அப்கிரேடு செய்தபின் "எல்லாம் போச்சு" என்று பதறுவார்கள். பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. கடிதங்கள் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். அவற்றைப் படிக்க வேண்டிய புரோகிராம் மட்டும் வேறு சட்டத்துக்கு மாறியிருக்கும். இந்தச் சங்கடம் கம்ப்யூட்டர் உலகத்தில் எப்படி எப்படி வந்தது, அதில் நம் தமிழ் என்ன பாடுபட்டது என்று கொஞ்சம் பார்ப்போம்.

இன்று நாம் அனுப்பும் மெயிலுக்கான அடிப்படை விதிகளை ஜான் போஸ்டல் என்பவர் 1982 ஆகஸ்டில் எழுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டு பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸோடு எரிக் ஆல்மன் எழுதிய 'சென்ட்மெயில்' வந்தது. வெகுகாலம் உலகத்தின் தபால்காரர் அதுதான். இந்தியாவில் 1986-ல் மின்னணுவியல் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு எர்நெட் என்ற கல்வி வலையமைப்பைத் தொடங்கியது. அதில் சேர்ந்த எட்டு இடங்களில் நம் கிண்டி ஐஐடியும் ஒன்று. அப்போது டெலிபோன் லைனில் மோடம் வைத்து டயல் செய்து, சேர்ந்திருக்கும் கடிதங்களை மூட்டையாக மாற்றிக்கொள்வார்கள். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக.

போஸ்டலின் விதியில் ஒரு சங்கதி இருந்தது. ஓர் எழுத்துக்கு 7 பிட் போதும் என்று வைத்திருந்தார்கள். இங்கிலீஷுக்கு அது போதும். 128 இடங்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், புள்ளி, கமா எல்லாம் அடங்கிவிடும். 1990-களில் வெளிநாட்டுத் தமிழர்கள் மெயிலில் தமிழ் எழுத ஆரம்பித்தபோது, பல எழுத்துருக்கள் தமிழை எட்டாவது பிட்டைத் தொட்டு, மேல் பாதி 128 இடங்களில் வைத்தன. வழியில் இருக்கும் ஏதாவது ஒரு பழைய சர்வர் அந்த எட்டாவது பிட்டை வெட்டிவிட்டால், 'அ' என்று அனுப்பியது ஏதோ ஓர் இங்கிலீஷ் எழுத்தாகவோ குறியாகவோ போய்ச் சேரும். இந்த மாதிரி கடிதங்களை 7 பிட்டுக்குள் மடித்து அனுப்பும் முறையை போரென்ஸ்டைன், ஃப்ரீட் என்ற இருவர் 1992-ல் வகுத்தார்கள். மைம் என்று அதற்குப் பெயர். அது எல்லா சர்வருக்கும் போய்ச் சேரும் வரை தமிழ்க் கடிதம் அதிர்ஷ்டத்தை நம்பித்தான் பயணம் செய்தது.

இதே காலத்தில், 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வலையில் வைக்கும் தன்னார்வப் பணி அது. ஆரம்பத்தில் ஒரு தனி எழுத்துரு, பிறகு 'திஸ்கி' என்ற பொதுக் குறியேற்றம், அதற்கும் பிறகு யூனிகோடு என்று அந்த நூல்கள் வீடு மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. நடுவில் 1999-ல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களை அறிவித்தது. 2010-ல் யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் ஏற்றது. ஒவ்வொரு மாற்றத்திலும் அந்த நூல்கள் பிழைத்ததற்கு ஒரே காரணம்தான். மூலம் வெறும் எழுத்துக் கோப்பாக இருந்தது, அது எந்தக் குறியேற்றத்தில் உள்ளது என்று தலைப்பிலேயே குறித்திருந்தார்கள். இரண்டும் தெரிந்தால் மாற்றி எழுத ஒரு சின்ன புரோகிராம் போதும்.

குறித்து வைத்திருந்தும் சிக்கல் வந்ததுண்டு. 2002 செப்டம்பரில் வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 8.0, யு.டி.எஃப்-8 என்ற யூனிகோடு வடிவத்தை இயல்பாக வைத்துக்கொண்டது. மற்ற லினக்ஸ்களும் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பக்கம் வந்தன. அப்பாச்சி என்ற வெப் சர்வரின் அமைப்புக் கோப்பில், எல்லாப் பக்கத்துக்கும் இன்ன குறியேற்றம் என்று சொல்லும் ஒரு வரி உண்டு. பக்கத்துக்குள் நாம் ஒன்று எழுதியிருந்தாலும், சர்வர் வெளியே சொல்வதைத்தான் பிரவுசர் நம்பும். அஞ்சல் உறைமேல் இருக்கும் முகவரிக்கும் உள்ளே கடிதத்தில் இருக்கும் முகவரிக்கும் உள்ள வித்தியாசம் போல. அந்த ஒரு வரி மாறினால், திஸ்கியில் எழுதிய பக்கம் ஓர் எழுத்து கூட மாறாமல் டிஸ்க்கில் இருந்தபடியே கேள்விக்குறியும் கட்டமுமாகத் தெரியும்.

வலைப்பதிவுகள் வந்த பிறகு அடுத்த அடி. யு.டி.எஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 'திருத்தணி' என்று எழுதினால் த, இகரக் கொம்பு, ர, உகரம், த, புள்ளி, த, ண, மறுபடி இகரக் கொம்பு என 9 குறிகள். மொத்தம் 27 பைட். வேர்ட்பிரஸ் பதிவுகள் மைசீக்வல் என்ற தரவுத்தளத்தில் இருக்கும். 2004-ல் வந்த அதன் 4.1 பதிப்பு, ஒவ்வொரு அட்டவணைக்கும் தனித்தனியாகக் குறியேற்றம் வைக்க வழி செய்தது. நல்ல விஷயம்தான். ஆனால் ஒன்றும் சொல்லாவிட்டால் இலத்தீன் என்று எடுத்துக்கொள்ளும். அதற்குமுன் யாரும் கேட்காததால் தமிழ் பைட்டுகள் சும்மா உள்ளே போய், சும்மா வெளியே வந்துகொண்டிருந்தன. இப்போது ஒவ்வொரு பைட்டையும் ஓர் ஐரோப்பிய எழுத்தாக நினைத்து 'திருத்தணி'யை 27 விநோத எழுத்துகளாக மொழிபெயர்க்கும் நிலை வந்தது. 2007 மே மாதம் வந்த வேர்ட்பிரஸ் 2.2 இதற்கென்று ஒரு தனி அமைப்பு வரி கொடுத்தது. பழைய பதிவு வைத்திருந்தவர்கள் அதைக் காலியாக விட வேண்டும், அல்லது அட்டவணையை முறையாக மாற்ற வேண்டும். விவரம் தெரியாமல் நேராக மாற்றினால் தமிழ் நிரந்தரமாகக் கெடும். முதலில் வெறும் பைட்டுகளாக மாற்றி, பிறகு யு.டி.எஃப்-8 என்று பெயர் சூட்ட வேண்டும். வரிசை முக்கியம்.

எழுத்துச் சிக்கல் இல்லாதவர்களையும் அப்கிரேடு விடவில்லை. 2015 ஏப்ரலில் டெபியன் 8 வந்தபோது அப்பாச்சி 2.2-லிருந்து 2.4-க்கு மாறியது. நம் தளத்தின் அமைப்புக் கோப்புக்குப் பெயரின் முடிவில் 'கான்ஃப்' என்ற வால் இருந்தால்தான் புதிய சர்வர் அதைத் திரும்பிப் பார்க்கும். வால் இல்லாத கோப்பு அதே இடத்தில் கிடக்கும், அதை யாரும் படிக்க மாட்டார்கள். தளத்துக்குப் பதில் அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம் வந்து நிற்கும். யார் உள்ளே வரலாம் என்று எழுதும் இலக்கணமும் மாறிவிட்டது.

இங்கேதான் 1959 சட்டத்தின் இடைக்கால ஏற்பாட்டுக்கு ஒப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்ட்மெயிலுக்கு மாற்றாக வீட்ஸே வெனிமா எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ், 2015-ல் 3.0 பதிப்பு வந்தபோது பொருந்துநிலை என்று ஓர் எண்ணை வைத்தது. பழைய அமைப்போடு வந்தால், எங்கெல்லாம் பழைய பழக்கத்தை நம்பியிருக்கிறீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, வேலையை நிறுத்தாமல் செய்யும். நிதானமாகச் சரிசெய்துவிட்டு எண்ணை உயர்த்தலாம். மறுபக்கம், கடிதங்களை நம் போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் எடுத்துக்கொடுக்கும் டவ்காட், 2025 ஜனவரியில் 2.4 பதிப்பாக வந்தபோது வேறு வழி எடுத்தது. அமைப்புக் கோப்பின் முதல் வரியிலேயே இது எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று சொல்லாவிட்டால் கிளம்பவே மாட்டேன் என்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் இருப்பது இந்தப் புதிய டவ்காட்தான். அப்கிரேடு முடித்து எழுந்தவர்களின் தபால்பெட்டி திறக்கவில்லை. தவறாகப் படித்துக் குழப்புவதைவிட, படிக்காமல் நிற்பது மேல் என்பது அவர்கள் கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அமைப்பு வரிகளைத் திருத்தும் வரை உள்ளே இருந்த கடிதங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 'மெயில்டிர்' முறையில் ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. எந்த எடிட்டரிலும் திறந்து பார்க்கலாம்.

நம் பெட்டியைத் தொடாமலே விதி மாறுவதும் உண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், தனக்கு வரும் கடிதத்தில் அனுப்புநரின் டொமைன் அத்தாட்சி இருக்க வேண்டும், அனுப்பும் முகவரி எண்ணுக்குத் தலைகீழ் பெயர்ப்பதிவும் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. எல்லையில் செக்போஸ்ட் போட்ட மாதிரி. ஆபரேட்டிங் சிஸ்டமே பாதி வழியில் நின்ற கதையும் இருக்கிறது. 2029 வரை பராமரிப்பு உண்டு என்று நம்பப்பட்ட சென்ட் ஓ.எஸ். 8-ஐ, 2021 டிசம்பர் 31-ஓடு நிறுத்துவதாக 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். நம்பி இருந்தவர்களுக்கு ஓர் ஆண்டு அவகாசம்தான் கிடைத்தது.

இத்தனைக்கும் நடுவில் 20, 25 வருடமாகச் சொந்த சர்வரை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதில் மாயம் ஒன்றும் இல்லை. அப்கிரேடுக்கு முன் அந்தப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பைக் கடைசிவரை படிக்கிறார்கள். அமைப்புக் கோப்புகள் இருக்கும் அடைவைத் தனியாக நகல் எடுத்து, எந்த வரியை ஏன் மாற்றினோம் என்று பக்கத்திலேயே எழுதி வைக்கிறார்கள். எடுத்த பேக்கப்பை வேறொரு பெட்டியில் திறந்து பார்த்து, தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று சரிபார்க்கிறார்கள். ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிப்பதில்லை. 11-லிருந்து நேராக 13-க்குப் போவதை டெபியனே ஆதரிப்பதில்லை, 12-ல் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். டிசம்பர் 31 அன்று படித்திருவிழாவுக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு கஷ்டப்பட்டு எதற்கு, ஜிமெயிலிலேயே இருக்கலாமே என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கலாம், நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் இருக்கிறோம். ஆனால் கடல் தாண்டிப் போன பிள்ளைகள் 1990-களின் கடைசியிலிருந்து வீட்டுக்கு எழுதியதெல்லாம் மெயிலில்தான் இருக்கிறது. நம் அப்பா காலத்து இன்லண்ட் லெட்டர்களைக் கம்பியில் குத்தி வைத்திருந்தோமே, அந்த இடத்தில் இப்போது இருப்பது இவைதான். சர்வர் சொந்தமோ இரவலோ, அவற்றின் ஒரு நகலை வெறும் எழுத்துக் கோப்பாக, யூனிகோடில், இன்ன முறையில் இருக்கிறது என்று ஒரு குறிப்போடு தனியாக எடுத்து வையுங்கள். நமக்குப் பின் திறந்து பார்க்கிறவர் எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் உட்கார்ந்திருப்பார் என்று நமக்குத் தெரியாது. அவருக்கு அந்தக் குறிப்பு வேண்டியிருக்கும்.