ஏ.பி. சேலம்: மட்டாஞ்சேரி ஜெபாலயத்தில் ஒரு சத்தியாகிரகம்

ஆபிரகாம் பாரக் சேலம் (1882–1967) கொச்சி யூதரிடையே தோன்றிய வழக்கறிஞர், காங்கிரஸ்காரர், சமூகத் தலைவர். பெயரைக் கண்டு, ஏற்காட்டுக்கு அடிவாரத்தில் உள்ள சேலத்துக்காரர் என்று தமிழ் வாசகர் எண்ணிவிட இடமுண்டு; அவர் பிறந்து வளர்ந்து மறைந்தது கொச்சியில். தம் சமூகத்தில் பிறப்பைக் காட்டி ஒதுக்கப்பட்டவர்களுக்கு வழிபாட்டில் சம இடம் கேட்டுப் போராடியதே அவரது தலையாய பணி. 'யூத காந்தி' என்ற பெயர் அவருக்கு வந்ததும் அதனால்தான்.

மலபார்க் கரை யூதர்களைப் பற்றிய பழைய, உறுதியான சான்று ஒரு செப்பேடு. கி.பி. 1000-ஐ ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அதை வழங்கினான். வரிவிலக்கு, பல்லக்கு, குடை உள்ளிட்ட உரிமைகள் அதில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவருக்கு அதன் நடை அந்நியமாகத் தோன்றாது. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்ச்சுகல், மேற்காசியா ஆகிய இடங்களிலிருந்து மற்றொரு பிரிவினர் வந்து சேர்ந்தனர். பழைய குடிகள் மலபார் யூதர் என்றும் புதியவர்கள் பரதேசி யூதர் என்றும் பெயர் பெற்றனர். பரதேசிகள் 1568-இல் கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டித் தங்கள் ஜெபாலயத்தைக் கட்டினர்.

பரதேசிகளிடம் அடிமைகளாக இருந்து, யூத மதத்தில் சேர்க்கப்பட்டு, பின் விடுதலை பெற்றவர்களும் அவர்களது சந்ததியாரும் 'மெஷுஹ்ரர்' எனப்பட்டனர். மதநெறிப்படி இவர்கள் முழு யூதர்களா என்ற கேள்வி 16-ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவுக்குப் போனது. அங்கிருந்த பேரறிஞர் டேவிட் இப்ன் அபி சிம்ரா, முறைப்படி நீராட்டுச் சடங்கு முடித்தவர் எவரும் முழு யூதரே, அவர்களோடு மண உறவு கொள்ளத் தடையில்லை என்று தீர்ப்பளித்தார். கேட்டவர்களே அந்தத் தீர்ப்பை நடைமுறைப்படுத்தவில்லை. சாத்திரம் ஒன்று சொல்ல, வழக்கம் வேறொன்று செய்வது இந்த மண்ணில் யூதரோடு மட்டும் நின்ற கதையல்ல.

ஜெபாலயத்தின் உள்கூடத் தரையில் 1762-இல் சீனத்துக் கான்டனிலிருந்து தருவித்த நீல வெள்ளை ஓடுகள் பாவப்பட்டுள்ளன. உள்ளே வருபவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடப்பது கேரளக் கோயில் வழக்கத்தை ஒத்தது. கூடத்தின் நடுவில் பித்தளைக் கம்பியடைத்த வாசிப்பு மேடை; சுற்றிலும் இருக்கைகள். மெஷுஹ்ரருக்கு அந்த இருக்கைகள் மறுக்கப்பட்டிருந்தன. கூடத்துக்கு முன்னுள்ள 'அசாரா' என்ற வெளியறையோடு அவர்கள் நிற்க வேண்டியிருந்தது. யூத மறைநூலான தோராவை வாசிக்க அழைக்கப்படுவதிலும், பரதேசிகளோடு மணம் கொள்வதிலும், இடுகாட்டிலும்கூட அவர்களுக்குத் தடை இருந்தது.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆவோ என்பவரின் தலைமையில் மெஷுஹ்ரர் சிலர் வெளியேறித் தனியே வழிபாடு நடத்தினர். தலைவர் மறைந்ததும் அம்முயற்சி நிலைக்கவில்லை. பிரிந்தவர்கள் பழைய இடத்துக்கே, பழைய நிபந்தனைகளோடு திரும்ப வேண்டியதாயிற்று. சேலம் இந்த ஆவோவின் வழிவந்தவர். தனி ஜெபாலயம் என்ற பாதையை அவர் தேர்ந்தெடுக்காமல், இருக்கும் ஜெபாலயத்துக்குள்ளேயே உரிமை கேட்டதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தாயின் வளர்ப்பில் வளர்ந்த சேலம், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் பயின்று, சென்னையில் பி.ஏ. படிப்பும் சட்டப் படிப்பும் முடித்தார். கொச்சி யூதரில் முதல் பட்டதாரி அவரே. 1925 முதல் 1931 வரையிலும், பின்னர் 1939 முதல் 1945 வரையிலும் கொச்சி சட்டசபை உறுப்பினராக இருந்தார். முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேறிய 1929 லாகூர் காங்கிரசில் அவரும் கலந்துகொண்டார். எர்ணாகுளத்தில் அவர் நின்று பேசிய மேடு 'சேலம் குன்று' என்றே வழங்கியது.

காந்தியிடம் கற்ற முறையை அவர் முதலில் பயன்படுத்திய களங்களுள் ஒன்று தம் சொந்த வழிபாட்டிடம். சில காலம் ஜெபாலயத்தைப் புறக்கணித்தார், சத்தியாகிரகம் செய்தார். கொச்சியில் பட்டம் பெற்ற ரபிகள் (யூத மதகுருக்கள்) இருந்ததில்லை. கற்றறிந்த குடும்பத்தலைவர்களே தொழுகையை நடத்தினர். கொச்சி அரசர் அளித்த 'முதலியார்' பட்டம் உடையவர் சமூகத்துக்குத் தலைமை தாங்கிய காலமும் உண்டு. ஆதலால் அவரது கோரிக்கையை மறுப்பதற்கோ ஏற்பதற்கோ மேலே ஒரு குருபீடம் இல்லை. அன்றாடம் முகம் பார்க்கும் அண்டை வீட்டாரின் மனம்தான் மாற வேண்டியிருந்தது. பகையின்றிப் போராடும் முறை இங்கே பலன் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். தடைகள் ஒரே நாளில் விழவில்லை. 1930-களின் இறுதியில் கொச்சிக்கு வந்த அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் பல தடைகள் தளர்ந்திருந்ததைக் கண்டார். மணத் தடை மட்டும் நீடித்தது. 1950-இல் சேலத்தின் மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, திருமணத்தை மும்பையில் நடத்த வேண்டியிருந்தது.

1933-இல் பாலஸ்தீனம் சென்று திரும்பிய சேலம், யூதர் அங்கே குடியேறுவதை ஆதரித்தார். இஸ்ரேல் உருவான பின் மலபார் யூதர் பலர் சொத்தை விற்றுவிட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தனர். யானைக்கால் நோய் பரவும் என்ற அச்சத்தால் இஸ்ரேல் அதிகாரிகள் அனுமதியைத் தாமதித்தனர். பரதேசிகள் தங்களுக்குத் தாழ்ந்தவராகக் கருதிய இந்த மக்களுக்காகவே சேலம் 1953-இல் இஸ்ரேல் சென்று பேசினார். அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலோர் குடிபெயர்ந்தனர். நெவாதிம், மெசிலாத் சீயோன் போன்ற கூட்டுறவு வேளாண் கிராமங்களில் அவர்கள் குடியேறினர்.

பிறரை அனுப்பி வைத்த சேலம் கொச்சியிலேயே தங்கி 1967-இல் காலமானார். அவர் எழுதி வைத்த நாட்குறிப்புகள் கொச்சி யூதர் வரலாற்றை ஆராய்பவர்களுக்கு இன்றும் ஆதாரமாக உள்ளன.