மெசாயா பாட எந்தப் புத்தகம்?

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஜோலார்பேட்டையில் எங்கள் பாடகர் குழு ஹாண்டலின் "மெசாயா"விலிருந்து நான்கு கோரஸ் பாடுவதாக முடிவானது. முதல் ஒத்திகையிலேயே குழப்பம். "நம்பர் 44 எடுங்க" என்றார் நடத்துபவர். பாதிப் பேருக்கு அல்லேலூயா வந்தது, மீதிப் பேருக்கு வேறு ஏதோ பாட்டு. ஆளுக்கொரு பதிப்பின் ஜெராக்ஸ்! நோவெல்லோ பதிப்பில் அல்லேலூயா 44, பேரன்ரைட்டர் பதிப்பில் அதுவே 39. ஏன் இப்படி என்று தேடியதில் கிடைத்த கதை இது.

ஹாண்டல் மெசாயாவை 1741ல் 24 நாட்களில் எழுதினார். 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் அரங்கேறியது. அத்தோடு விடவில்லை மனிதர். கிடைத்த பாடகர்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டே இருந்தார். குவதாக்னி என்ற பாடகருக்காக 1750ல் ஒரு பாட்டைப் புதிதாகவே எழுதிக் கொடுத்தார். ஆக, "இதுதான் ஒரிஜினல்" என்று ஒன்றைக் காட்ட முடியாது. 1789ல் மொசார்ட் வேறு தன் பங்குக்குக் காற்று வாத்தியங்களைச் சேர்த்தார்.

சரி, வோக்கல் ஸ்கோர் என்றால் என்ன? பாடுபவர்களின் வரிகள் முழுசாக இருக்கும். ஆர்கெஸ்ட்ரா மட்டும் பியானோவுக்குச் சுருக்கப்பட்டிருக்கும். 1846ல் லண்டனில் நோவெல்லோ கம்பெனி மெசாயாவை இப்படி அச்சிட்டு, மாதத் தவணையாக, தவணைக்கு 6 பென்ஸ் என்று விற்றது. சாதாரணத் தொழிலாளியும் வாங்க முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடும் விழாக்களுக்கு இந்த மலிவு விலையும் ஒரு காரணம்.

நோட்டேஷன் தெரியாதவர்களுக்கு? ஜான் கர்வென் பரப்பிய டானிக் சோல்ஃபா இருந்தது. நம் ச ரி க ம மாதிரியே, சுருதி மாறினாலும் எழுத்து மாறாது. மெசாயா அதிலும் அச்சானது. மிசோரம் பாட்டுப் புத்தகங்களில் இன்றும் சோல்ஃபாதான்.

பிறகு வந்த இரண்டு நோவெல்லோ பதிப்புகள் முக்கியமானவை. 1902ல் எபனேசர் ப்ரௌட் செய்தது, பெரிய கூட்டத்துக்கான கனமான பக்கவாத்தியம் கொண்டது. 1959ல் வாட்கின்ஸ் ஷா செய்தது, ஹாண்டல் எழுதிய மாற்று வடிவங்களையும் காட்டுவது, ஆராய்ச்சி சுத்தமானது.

மனசுக்குப் பிடித்தது ஷாதான். ஆனால் அதற்குக் காப்புரிமை இருக்கிறது, ஜெராக்ஸ் போடக்கூடாது. குழுவுக்கே விலைக்கு வாங்கப் பணமில்லை. ப்ரௌட் 1909லேயே இறந்துவிட்டார், அவர் பதிப்பைத் தாராளமாகப் பிரதி எடுக்கலாம். அதையே எடுத்தோம். கீபோர்டு வாசிக்கும் அண்ணன் இடது கை சுரங்களில் பாதியைக் குறைத்துக்கொண்டார். சோல்ஃபா மட்டும் தெரிந்த பெரியவர்களுக்கு நான் கையால் எழுதிக் கொடுத்தேன், மூன்று ராத்திரி ஆனது.

அடுத்த ஒத்திகையில் "44" என்றதும் எல்லோரும் ஒரே பக்கத்தைப் புரட்டினார்கள். நீங்களும் பாடப் போகிறீர்கள் என்றால், முதல் நாளே பதிப்பின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.