திருவெளிப்பாட்டின் இறுதிப் போரும் தமிழ்க் களவேள்வி மரபும்

மொன்றியல் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் 1980களிலிருந்து குடியேறிய ஈழத் தமிழருள் கிறித்தவர் விவிலியத்தின் இறுதி நூலை இரு பெயர்களால் அறிவர். கத்தோலிக்கருக்கு அது திருவெளிப்பாடு. சீர்திருத்தச் சபையினருக்கு வெளிப்படுத்தின விசேஷம். விண்ணகப் போரில் தோற்பது முன்னவரின் 1995ஆம் ஆண்டுப் பொதுமொழிபெயர்ப்பில் 'அரக்கப் பாம்பு'. பின்னவரின் பழைய மொழிபெயர்ப்பில் 'வலுசர்ப்பம்'. எப்பெயரால் வாசித்தாலும், அந்நூலின் போர்ப் படிமங்களுக்குப் பொருள் காண்பது இச்சமூகத்துக்கு வெறும் உரையியல் சிக்கல் அன்று. 1995 யூலை 9இல் நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் வான்குண்டுகளுக்கு இரையாயினர். வானிலிருந்து நெருப்பு இறங்கியது என்ற வரி அந்நினைவுடையோர் காதில் வேறுவிதமாகவே ஒலிக்கும்.

நூலின் சான்றை முதலில் நோக்குவோம். அர்மகெதோன் என்ற பெயர் புதிய ஏற்பாடு முழுவதிலும் ஒரேயோர் இடத்தில்தான் (16:16) வருகிறது. அங்கே அரசர்கள் கூட்டப்படுகின்றனர், போர் வருணிக்கப்படவில்லை. 19ஆம் அதிகாரத்தில் வெண்குதிரை வீரன் தோன்றுகிறான். அவனது ஆடை போர் தொடங்குமுன்பே இரத்தத்தில் தோய்ந்திருக்கிறது. அவனது வாள் வாயிலிருந்து புறப்படுகிறது. எதிர்ப்படை அணிவகுக்கிறது, உடனே விலங்கு பிடிபடுகிறது. 20ஆம் அதிகாரத்திலும் கோகு, மாகோகு திரள்வதைக் காண்கிறோம். விண்நெருப்பு அவர்களை விழுங்குகிறது. மூன்று இடங்களிலும் படை உண்டு, போர்முனை இல்லை. மிக்கேல் பொருதும் 12ஆம் அதிகாரமோ வெற்றிக்குக் காரணமாக ஆட்டுக்குட்டியின் இரத்தத்தையும் சாட்சிய மொழியையும் சுட்டுகிறது.

ஆயினும் ஓர் உறுப்பு மட்டும் விரிவாக வருணிக்கப்படுகிறது. கதிரவனில் நிற்கும் வானதூதர் பறவைகளை அழைத்து, அரசர், படைத்தலைவர், குதிரை, அடிமை, உரிமையாளர் அனைவரின் ஊனையும் உண்ண வருமாறு கூறுகிறார். இப்பகுதியின் வேர் எசேக்கியேல் 39இல் உள்ளது என்பது அறிந்ததே. இக்கொடுமை மேலை உரையாசிரியர் பலருக்குச் சங்கடம் அளித்தது. தமிழ் வாசகருக்கோ அது பழகிய துறை. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை மாங்குடி கிழார் பாடிய புறநானூற்றுப் பாடல்கள் (26, 372) மறக்களவேள்வியைப் பாடுவன. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் களத்தில் கூழ் அடுகின்றன. வெற்றியின் முழுமையைப் போரின் நுணுக்கங்களால் அன்றி விருந்தால் உணர்த்துவது இத்துறையின் வழி. ஒரு வேறுபாடு முக்கியமானது: தமிழில் விருந்து போருக்குப் பின் வரும், யோவானில் அழைப்பு போருக்கு முன்பே விடுக்கப்படுகிறது. முடிவு முன்னரே தீர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

பரணி தோற்றவன் பெயரால் வழங்கும் இலக்கியம். தத்துவராயர் அம்மரபை அகத்துக்குத் திருப்பினார். அவருடைய அஞ்ஞவதைப்பரணியிலும் மோகவதைப்பரணியிலும் தோற்கும் பகை முறையே அறியாமையும் மயக்கமும். பேயும் களமும் கூழும் அப்படியே நிற்க, பகை மட்டும் மாறுகிறது. ஆகவே இறுதிப் போரை உருவகமாகக் கொள்வது அகுஸ்தீனிடமிருந்து மட்டுமே வரவேண்டிய இரவல் என்று கருத வேண்டியதில்லை. தமிழில் அதற்குச் சொந்த வழக்கு உண்டு. (யோவானின் நூலையும் விலங்குவதைப்பரணி என்று பெயரிட்டிருக்கலாம்!)

நேர்ப்பொருள் கொண்டோர் தமிழகத்தின் அண்டையிலும் இருந்தனர். தமிழ்ப் பிராமணக் குடியில் பிறந்து கிறித்தவரான யூஸ்துஸ் யோசேப்பு திருவிதாங்கூரில் 1875இல் தொடங்கிய யுயோமய இயக்கம், 1881இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று அறிவித்தது. அவ்வாண்டு வந்தது, சென்றது. படிமத்தை நாட்காட்டியாக்கியதன் விளைவு அது.

கோட்-டெ-நெய்ஜ் குன்றில் எழுந்து நிற்கும் புனித யோசேப்புப் பேராலயம் 1904இல் ஒரு சிறு சிற்றாலயமாகத் தொடங்கி 1967இல் நிறைவுற்றது. தமிழ்க் கத்தோலிக்கர் மட்டுமன்றித் தமிழ்ச் சைவரும் அங்கு சென்று மெழுகுதிரி ஏற்றுவர். அதே யோசேப்பைத் தலைவனாகக் கொண்ட காப்பியம் வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726). காப்பிய இலக்கணம் போரை வேண்டிற்று. முனிவர் அதனை யோசுவா, கிதியோன் முதலியோரின் பழங்கதைகளில் அமைத்தார். வளனின் கையிலோ பூத்த கோல் மட்டுமே.

உருவக வாசிப்புக்கு எதிராக ஒரு வலுவான தடையுண்டு. பகையை அறியாமையாக்கிவிட்டால், நவாலியில் சிந்திய இரத்தமும் உருவகமாகிவிடாதா? தத்துவராயர் நெறியில் இதற்கு விடையில்லை. அவரது களத்தில் மாண்டோர் மனிதர் அல்லர். யோவானின் நூலில் விடை உண்டு. பீடத்தின் அடியிலிருந்து கொலையுண்டோரின் உயிர்கள், எத்துணைக் காலம் என்று உரத்துக் கேட்கின்றன (6:9-11). அவர்களது இரத்தம் உண்மை இரத்தம். அவர்களுக்கு வெண்ணாடையும் காத்திருக்குமாறு ஒரு சொல்லும் தரப்படுகின்றன, வாள் தரப்படவில்லை. 19ஆம் அதிகாரத்து வீரனின் ஆடையில் தோய்ந்தது யாருடைய இரத்தம் என்பதை உரையாசிரியர் இன்றும் விவாதிக்கின்றனர். எசாயா 63இன் வழியே சென்றால் பகைவருடையது. 5ஆம் அதிகாரத்தில் சிங்கம் என்று அறிவிக்கப்பட்டு, கொல்லப்பட்ட ஆட்டுக்குட்டியாகக் காணப்பட்டவரை நினைத்தால் அவருடையதே. பின்னதே பொருத்தம். பகைவர் இன்னும் வீழாத வேளையில், ஆடை முன்பே சிவந்திருக்கிறது.