நரம்புச் சிலந்தியும் ஒரு முழத் துணியும்

நம் இல்லங்களில் மூத்த தலைமுறைப் பெண்மணிகள், ஊருணியிலிருந்தோ குளத்திலிருந்தோ கொணர்ந்த நீரை அப்படியே பானையில் ஊற்றிவிட மாட்டார்கள். பானையின் வாயில் வெள்ளைத் துணியொன்றை மடித்துக் கட்டி, அதன்மீது மெல்லச் சரிப்பார்கள். நீர் கலங்கியிருந்தால் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துத் தெளியவைப்பதும் உண்டு. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால், "தூசி தும்பு போகத்தான்" என்பதே விடையாக இருக்கும். தூசியோடு வேறொன்றையும் அந்தத் துணி தடுத்து நிறுத்தியது. பல நூற்றாண்டுகள் மனித குலத்தை வாட்டிய ஒரு நோயின் வித்து அது. அந்நோயின் வரலாற்றை அறிந்தால், அன்றாடப் பழக்கம் ஒன்றின் வலிமை எத்தகையது என்பது விளங்கும்.

ஹஜ் பயணிக்கு ஒரு மருத்துவ நூல்

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டு. அப்பாஸியக் கலீஃபாக்களின் ஆட்சிக்காலம். கூஃபாவிலிருந்து மக்காவுக்குச் செல்லும் பாலைவழி, ஹாரூன் அர்ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையாரின் பெயரால் வழங்கிற்று. அவ்வழி நெடுகிலும் நீர்த்தேக்கங்களும் கிணறுகளும் தங்குமிடங்களும் அமைந்திருந்தன. ஆயினும் பயணம் எளிதாக இருக்கவில்லை. நாள்தோறும் வெவ்வேறு நீர், புழுதிக் காற்று, பகல் வெப்பம், இரவுக் குளிர், உறக்கக் குறைவு எனப் பல இன்னல்களைத் தாங்கியே பயணிகள் மக்கா சென்றனர்.

இத்தகைய பயணத்துக்குப் புறப்பட்ட அரசாங்கப் பெருந்தலைவர் ஒருவருக்காக, குஸ்தா இப்னு லூக்கா என்னும் மருத்துவர் ஒரு சிறு நூலை இயற்றினார். அப்பெருந்தலைவரின் பெயர் ஹஸன் இப்னு மக்லத். குஸ்தாவோ பஅலபக் நகரில் பிறந்த கிறிஸ்தவ அறிஞர். கிரேக்க நூல்கள் பலவற்றை அரபு மொழியில் பெயர்த்தவர். முஸ்லிம் பயணி ஒருவரின் நலனுக்காகக் கிறிஸ்தவ மருத்துவர் ஹஜ் வழிகாட்டி எழுதினார் என்பது, அக்காலத்து அறிவுலகம் எவ்வாறு இயங்கியது என்பதற்கு நல்லதொரு சான்று.

பதினான்கு அத்தியாயங்கள் கொண்ட அந்நூல் அரிய மருந்துகளைத் தேடி அலையச் சொல்லவில்லை. எப்போது உண்பது, எப்போது ஓய்வது, நடைக் களைப்பை எவ்வாறு போக்குவது, புழுதியிலிருந்து கண்களை எப்படிக் காப்பது, கெட்ட நீரை எவ்வாறு சீர்செய்வது, தாகத்தை எப்படித் தணிப்பது என்பனவே அதன் பொருள். நோய் வந்தபின் மருத்துவரை நாடுவதைவிட வருமுன் காப்பதே மேல் என்னும் கொள்கை அதில் ஊடுருவி நிற்கிறது. 1992ஆம் ஆண்டில் அந்நூல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் ஹாலந்தின் லெய்டன் நகரில் பதிப்பிக்கப்பட்டது.

அந்நூலில் குஸ்தா தனியே எடுத்துப் பேசும் நோய்களுள் ஒன்று 'இர்க் மதனீ' என்பது. 'மதீனத்து நரம்பு' என்று அதைத் தமிழில் கூறலாம். பல திசைகளிலிருந்தும் பயணிகள் வந்து கூடும் அப்பகுதியில் அந்நோய் மிகுதியாகக் காணப்பட்டமையால் மருத்துவர்கள் அப்பெயரை இட்டனர். பின்னர் 1758ஆம் ஆண்டில், ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் அப்புழுவுக்கு அறிவியற் பெயர் சூட்டியபோதும் மதீனாவின் பெயரையே அதில் சேர்த்தார். பாரசீக மொழி வழங்கிய நாடுகளில் அதன் பெயர் 'ரிஷ்தா', அதாவது நூலிழை. தமிழிலோ அதற்கு 'நரம்புச் சிலந்தி' என்று பெயர். அரபியரும் தமிழரும் ஒருவரையொருவர் கேளாமலே அதனை நரம்பு என்று அழைத்தது வியப்பன்று. கண்ணால் கண்டவர் எவருக்கும் அந்த ஒப்புமையே தோன்றும்.

நோயின் இயல்பு

முதலில் காலில் ஒரு கொப்புளம் எழும். நெருப்புப் பட்டாற்போல் எரியும். அது உடைந்ததும் வெண்ணிற நூல் போன்ற புழுவின் தலை வெளிப்படும். பெண் புழு ஒரு மீட்டர் நீளம்வரை வளரக்கூடியது. அதைப் பிடித்து இழுத்துவிட இயலாது. அறுந்துபோனால் உள்ளே எஞ்சிய பகுதி அழுகிக் காலையே கெடுத்துவிடும். ஆகவே ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியே எடுக்கவேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

இம்முறையை இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' என்னும் பெருநூலில் விளக்குகிறார். புழு அறுந்துபோகாமல் காக்கவேண்டும் என்று எச்சரிக்கவும் செய்கிறார். இவ்வாறு, வெளிப்பட்ட புழுவை எடுக்கும் கலையில் பழைய ஹகீம்கள் தேர்ந்திருந்தனர். அது உடலுக்குள் எவ்வழியே புகுந்தது என்பது மட்டும் அவர்களுக்குப் புலப்படவில்லை. குருதியின் சூட்டையும் உடலின் தாதுக்களையும் காரணமாகக் கருதினர். இதற்காக அவர்களைக் குறைகூறுவது முறையன்று. உடலில் புகுந்த புழு வெளிவர ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது. சென்ற ஆண்டு குடித்த ஒரு வாய் நீரையும் இன்று காலில் எழுந்த கொப்புளத்தையும் யாரால் இணைத்துப் பார்க்க முடியும்?

துர்கிஸ்தானில் விடை

அந்த இணைப்பைக் கண்டவர் அலெக்ஸி ஃபெத்சென்கோ என்னும் ரஷ்ய இயற்கை ஆய்வாளர். 1870ஆம் ஆண்டில் துர்கிஸ்தானத்தில் ஆய்வு நடத்திய அவர், புழுவின் நுண்ணிய குஞ்சுகள் குளத்து நீரில் வாழும் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரின் உடலுக்குள் புகுவதைக் கண்டார். நோயாளி எரிச்சல் தாளாமல் காலை நீரில் நனைக்கிறார். புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விடுகிறது. நீர்த்தெள்ளு அவற்றை உண்கிறது. அந்நீரைக் குடிப்பவரின் உடலில் குஞ்சு வளர்கிறது. இந்தச் சுழற்சியின் தலையாய கண்ணியைக் கண்டறிந்த ஃபெத்சென்கோ, 1873ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலையில் ஏறும்போது இருபத்தொன்பதே வயதில் உயிர்நீத்தார்.

நீரில் இறங்குவதற்குப் படிகள் உள்ள இடங்களிலேயே அந்நோய் நிலைத்ததன் காரணமும் இதனால் விளங்கிற்று. புகாரா நகரம் 'ஹவ்ழ்' என்னும் கல்படிக் குளங்களுக்குப் பெயர்பெற்றது. 1620ஆம் ஆண்டில் வெட்டப்பட்ட 'லபி ஹவ்ழ்' இன்றும் அங்கு அழகுடன் விளங்குகிறது. நீர் சுமப்போர் படிகளில் இறங்கித் தோற்பைகளை நிரப்புவர். அவர்களுடைய கால்களில் புண் இருந்தால் நகரமே அந்நீரைக் குடிக்கும். 1920களில் அக்குளங்களை வற்றச்செய்தும் தூய்மைப்படுத்தியும், நோயாளிகளைத் தேடிச் சிகிச்சையளித்தும் பணியாற்றியதன் பயனாக, 1930களின் தொடக்கத்தில் புகாரா அந்நோயிலிருந்து விடுபட்டது.

மருந்தில்லா நோய்க்கு மாற்று

பிற நாடுகளில் அறிவு இருந்தும் செயல் பின்தங்கிற்று. ஃபெத்சென்கோ உண்மையைக் கண்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், 1986ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலுமாக ஏறத்தாழ 35 இலட்சம் பேர் ஆண்டுதோறும் இந்நோயால் துன்புற்றதாக மதிப்பிடப்பட்டது. இது பெரும்பாலும் உயிரைக் கொல்வதில்லை, பிழைப்பைக் கெடுத்துவிடும். உழவு, அறுவடைக் காலங்களில் குடும்பம் முழுவதும் நடக்கவியலாமல் கிடக்கும். மாலி நாட்டின் டோகன் மக்கள் இதனை 'வெற்றுக் களஞ்சிய நோய்' என்று அழைத்தனர்.

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. குணப்படுத்தும் மருந்தும் இல்லை. ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வராது என்ற உறுதியும் இல்லை. எனவே நம்பத்தக்கது பழக்கம் ஒன்றே. நீர்த்தெள்ளு கண்ணுக்குத் தெரியும் எல்லையில் நிற்கும் அளவுடையது; நெருக்கமாக நெய்த துணி அதைத் தடுத்துவிடும். நீரை வடிகட்டிக் குடிப்பது, புண் உள்ளவர் நீர்நிலையில் இறங்காதிருப்பது என்னும் இவ்விரண்டையும் ஓர் ஊர் முழுவதும் ஓராண்டு கடைப்பிடித்தால் சுழற்சி அறுந்துவிடும்.

இந்தியா 1983-84ஆம் ஆண்டுகளில் இதற்கெனத் தேசியத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அப்போது நாட்டில் ஏறத்தாழ 40,000 நோயாளிகள் இருந்தனர். ராஜஸ்தானின் படிக்கிணறுகள் சுவர் எழுப்பிய இறைகிணறுகளாக மாற்றப்பட்டன, கைப்பம்புகள் அமைந்தன, வீடுதோறும் வடிகட்டும் துணி வழங்கப்பட்டது. நம் தமிழ்நாடு 1980களின் தொடக்கத்திலேயே இந்நோயிலிருந்து விடுபட்டிருந்தது. 1996ஆம் ஆண்டு ஜூலையில் ராஜஸ்தானில் காணப்பட்டதே இந்தியாவின் கடைசி நோயாளி. 2000ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியாவை நோயற்ற நாடென அறிவித்தது. பாகிஸ்தான் அதற்கு முன்னரே, 1996இல் அச்சான்றைப் பெற்றிருந்தது.

துணியைக் கொடுப்பது எளிது. அதை நாள்தோறும் பயன்படுத்தச் செய்வதே அரிது. "எங்கள் முன்னோர் குடித்த நீர் எங்களுக்கு மட்டும் ஆகாதா?" என்று மக்கள் கேட்டனர். சுகாதார ஊழியர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை. அவ்வூர்க் குளத்து நீரையே ஒரு கண்ணாடிக் குவளையில் முகந்து, உருப்பெருக்கும் ஆடியின் வழியே காட்டினர். அதில் நெளியும் உயிர்களைத் தம் கண்ணால் கண்ட தாய், அன்றே துணியைக் கையில் எடுத்தாள். சூடான் நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1995ஆம் ஆண்டில், இப்பணிக்காகவே போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏறக்குறைய ஆறு மாதங்கள் நீடித்தது. அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் அதற்காகப் பாடுபட்டார். வழிநடையாக அலைவோருக்கென நுனியில் வலைத்துணி பொருத்திய சிறு குழல்கள் வழங்கப்பட்டன. அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, வேண்டும்போது அதன் வழியே நீரை உறிஞ்சிக் குடிக்கலாம். குஸ்தா இப்னு லூக்கா அதைக் கண்டிருந்தால் தமது நூலில் ஓர் அத்தியாயம் கூட்டியிருப்பார்!

இன்றைய நிலை

2023ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் 14 பேரும், 2024ஆம் ஆண்டில் 15 பேருமே இந்நோய்க்கு ஆளாயினர். எனினும் வெற்றி முற்றுப்பெறவில்லை. சாத் நாட்டில் நாய்களையும் இப்புழு பற்றுவது 2012ஆம் ஆண்டில் தெரியவந்தது. ஆகவே நாய்களைக் கட்டிவைத்தல், மீன் குடல்களைப் புதைத்தல், மீனை நன்கு வேகவைத்து உண்ணல் ஆகிய புதுப் பழக்கங்கள் அங்கு கற்பிக்கப்படுகின்றன. நோய் தன் வழியை மாற்றிக்கொண்டால் நாமும் நம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்தவேண்டும். துணி எல்லாவற்றையும் தடுத்துவிடாது. குடற்காய்ச்சலின் கிருமி துணியின் கண்களைவிட மிகச் சிறியது; அதற்கு நீரைக் காய்ச்சிக் குடிப்பதே வழி. ஆயினும் காய்ச்ச விறகற்ற ஏழைக்குத் துணியும் கைகொடுக்கும். வங்காளதேசத்தின் மத்லப் பகுதியில் பெண்கள் பழைய சேலையை நான்காக மடித்து நீரை வடிகட்டியபோது, காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டிற்று. காலராக் கிருமிகளுள் பல அதே நீர்ச்சிற்றுயிர்களை ஒட்டி வாழ்வதே அதற்குக் காரணம்.

குஸ்தாவின் காலத்திலும் துணி இருந்தது; தலைப்பாகையின் ஒரு முனையே போதுமாயிருந்திருக்கும். அதன் பயனை உரைக்கும் அறிவு அப்போது பிறக்கவில்லை. அறிவு பிறந்தபின்னும், அது வீட்டுப் பானைவரை வந்துசேர மேலும் ஒரு நூற்றாண்டு பிடித்தது. நம் வீடுகளுக்குக் குழாய் நீர் வந்துவிட்ட இந்நாளில் பானையும் துணியும் மூலைக்குப் போயிருக்கலாம். ஆனால் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது, தொட்டியை எப்போது கழுவினோம், காய்ச்சிய நீரை மூடிவைத்தோமா என்று கேட்கும் வழக்கத்தையும் அவற்றோடு மூலைக்கு அனுப்பிவிடலாகாது. இக்கேள்விகளைப் பிள்ளைகளின் காதில் படும்படி நாள்தோறும் கேட்டுவருவோமாயின், அவர்களும் தம் வீட்டில் அவற்றைக் கேட்பார்கள்.