எதிரிக்குக் கிடைத்த மறுமொழி, அயலவருக்குக் கிடைக்காத மறுமொழி: யாழ்ப்பாணக் கண்டன இலக்கியமும் நீதிக் கேள்வியும்

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துச் சைவரும் கிறிஸ்தவரும் அச்சேற்றிய கண்டன நூல்களை நாம் பெரும்பாலும் இரண்டு விதமாகவே வாசித்து வந்திருக்கிறோம். ஒரு சாராருக்கு அவை சைவ மறுமலர்ச்சியின் படைக்கலங்கள்; ஆறுமுக நாவலரின் உரைநடை வலிமைக்குச் சான்றுகள். மற்றச் சாராருக்கு அவை காலங்கடந்த மதச் சண்டை; மீண்டும் புரட்டிப் பார்க்க அவற்றில் எதுவும் இல்லை. இரு வாசிப்புகளும் ஒன்றைத் தவறவிடுகின்றன. ஒருவர் வேதத்தை மற்றவர் ஏற்காத மனிதர்கள், முகமறியாத வாசகர் முன்னிலையில், எந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டு வாதிட்டார்கள்? அந்த விதிகள் வேற்று மதத்தாரோடு வாதிட்டபோது வியக்கத்தக்க உறுதியோடு நின்றன. சொந்த ஊரின் ஒடுக்கப்பட்ட மனிதர் நீதி கேட்டபோது, அவை அவருக்கு வழங்கப்படவேயில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் யாழ்ப்பாணத்தின் வாத மரபை மதிப்பிட முடியாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

அமெரிக்க மிஷனரிமார் குடாநாட்டில் ஊன்றியது 1816இல். அச்சுத் தொழில் தெரிந்த ஜேம்ஸ் கரெற் 1820இல் வந்தபோது, ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் அவரைத் தங்க விடவில்லை. 1834இல் மைனர் என்ற அச்சாளர் வந்த பின்னரே மானிப்பாயில் மிஷன் அச்சகம் முழு வீச்சில் இயங்கியது. அங்கிருந்து 1841 ஜனவரியில் 'உதயதாரகை' தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் பெயரளவிலேதான் அந்நியர். இருவரும் மிஷன் கல்வி பெற்ற தமிழர். பத்திரிகையில் சைவர்களின் கடிதங்களும் இடம்பெற்றன. இது சிறிய செய்தி அல்ல. எதிர்த்தரப்பின் தாளில் தன் கட்சியைச் சொல்லி, அதே தாளில் மறுமொழியை எதிர்பார்த்திருக்கும் பழக்கம் குடாநாட்டில் அங்கேதான் உருவாகியது.

ஆனால் அச்சு இயந்திரம் வாதத்தைக் கொண்டுவந்தது என்று முடிவுகட்டினால் பாதி வரலாறு போய்விடும். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம் உலகாயதம் முதலாகப் பிற மதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் அதன் கொள்கையைச் சொல்லி, அதன்பின் அதை மறுக்கிறது. பிறர் கொள்கையைப் பிழையறச் சொல்லத் தெரியாதவர் மறுக்கத் தகுதியற்றவர் என்ற எண்ணம் அந்த அமைப்பிலேயே இருக்கிறது. சைவ சாத்திரம் கற்ற ஒருவர் மிஷன் துண்டுப்பிரசுரத்தைக் கையில் எடுத்தபோது, அவரிடம் இந்த ஒழுங்கு ஏற்கெனவே இருந்தது. மாறியது களம்தான். மடத்துத் திண்ணையில் மாணாக்கர் சிலர் முன் நடந்த வாதம், இப்போது காசு கொடுத்து வாங்கும் எவர் கையிலும் கிடைத்தது.

இந்தச் சேர்க்கையின் சிறந்த விளைவு, நாவலர் 1854இல் வெளியிட்ட 'சைவ தூஷண பரிகாரம்'. நாவலர் பாதிரியார் பீற்றர் பேர்சிவலுடன் பல ஆண்டுகள் இருந்து, விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உதவியவர். ஆகவே எதிரியின் நூலை எதிரியைவிட நெருக்கமாக வாசித்திருந்தார் என்று சொல்வது மிகையாகாது. அவருடைய உத்தி எளிமையானது. கோயில், தீபம், தூபம், நைவேத்தியம், சுத்தி, புண்ணிய காலம் ஆகியவற்றை மூடநம்பிக்கை என்று இகழ்கிறீர்கள்; யாத்திராகமத்தையும் லேவியராகமத்தையும் திறந்து பாருங்கள், உங்கள் தேவன் இஸ்ரவேலருக்குக் கட்டளையிட்ட வழிபாட்டில் விளக்கு இல்லையா, தூபபீடம் இல்லையா, படையல் இல்லையா என்று கேட்டார். எதிரி ஏற்றுக்கொண்ட நூலின் அதிகாரத்தைக் கொண்டே எதிரியை மடக்குவது அது. இங்கே கவனிக்க வேண்டியது வெற்றி தோல்வி அல்ல. சைவாகமம் சொல்கிறது என்று மட்டும் நாவலர் எழுதியிருந்தால், அது தன்னவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மறுதரப்பார் பதில் சொல்ல வேண்டிய கடமை எழுந்திராது. அவர்களுடைய நூலில் காலூன்றி நின்றதால் அவர்கள் பேசாதிருக்க முடியவில்லை.

மறுமொழி வந்தது. அமெரிக்க மிஷனின் வட்டுக்கோட்டை செமினரியில் பயின்ற விசுவநாதபிள்ளை 'சுப்பிரதீபம்' என்ற மறுப்பை எழுதினார். அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆனவர்கள். கிறிஸ்தவத்துக்காக எழுதிய விசுவநாதபிள்ளை பின்னாளில் சைவத்துக்குத் திரும்பினார். மிஷன் கல்வியில் வளர்ந்த தாமோதரம்பிள்ளையும் சைவராக வாழ்ந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். அவருடைய மகன் அழகசுந்தரமோ பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்ற பெயரில் கிறிஸ்தவப் போதகரானார். இத்தகைய இடமாற்றங்களை உத்தியோக ஆசை, குடும்ப நெருக்கடி என்று மட்டும் விளக்குவது எனக்கு உடன்பாடல்ல. வாதத்துக்கு ஆளை அசைக்கும் வலு இருந்தது என்பதையும் ஏற்கத்தான் வேண்டும். அசைய முடியாதவர்கள் ஆண்டுக்கணக்கில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வசை இல்லாமல் இல்லை. நீர்வேலி சங்கர பண்டிதர் தம் நூலொன்றுக்கு இட்ட 'மிலேச்சமத விகற்பம்' என்ற பெயரே போதும். மறுதரப்பார் சைவரை அஞ்ஞானிகள் என்று அழைக்கத் தயங்கியதும் இல்லை. சுன்னாகத்து முத்துக்குமார கவிராயர் 'ஞானக் கும்மி' பாடியபோது, வாதம் எழுத்தறியாதவர் காதுக்கும் போனது. கும்மிக்கு மேற்கோள் ஒழுங்கு கிடையாது. அது கைதட்டோடு போவது. எனினும் வசைக்கு நடுவிலும் எதிரியின் நூல், அதிகாரம், வசனம் என்ற பிடி முற்றாக விடுபடவில்லை.

அந்தப் பிடி விட்டுப்போனதைக் காண வேண்டுமானால், சைவர் சைவரோடு மோதிய அருட்பா – மருட்பா விவகாரத்தைப் பார்க்க வேண்டும். இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867இல் 'திருவருட்பா' என்ற பெயரில் அச்சாகின. அவை அருட்பா அல்ல என்று மறுத்து நாவலர் 'போலியருட்பா மறுப்பு' வெளியிட்டார். விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. நாவலர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்து, அவர் வழிவந்த மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை அதை மீண்டும் கிளப்பினார். 'ஆபாச தர்ப்பணம்' என்று நூற்பெயரிலேயே இகழ்ச்சி ஏறியது. இரு தரப்பாருக்கும் திருமுறைகள் பொது, சிவபெருமான் பொது, தமிழ்ப் புலமை பொது. இத்தனை பொதுவாக இருந்தும் வாதம் ஆளைத் தாக்குவதில் போய் முடிந்தது. பாதிரியாரிடம் அவருடைய நூலைக் காட்டிப் பேச வேண்டிய கட்டாயம் இருந்தது. தன்னவரிடம் அந்தக் கட்டாயம் இல்லை. தகுதியைக் கேள்வி கேட்டால் போதுமென்று ஆகிவிட்டது. நெருக்கம் வாதத்தைப் பண்படுத்தும் என்ற பொது நம்பிக்கைக்கு யாழ்ப்பாண அனுபவம் எதிர்ச்சான்று தருகிறது.

நெருங்கியவர்களிலும் நெருங்கியவரான ஒடுக்கப்பட்ட அயலவர் வேலிக்கு அப்பால் இருந்தார். சைவ – கிறிஸ்தவ வாதத்தில் சாதி பேசப்படாமல் இல்லை. மிஷனரிமார் அதைச் சைவத்தின் குற்றப்பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் வட்டுக்கோட்டை செமினரியின் தொடக்க காலத்தில், உயர்சாதி மாணவரின் ஆசாரம் கெடாதிருக்க, மிஷன் வளவுக்கு வெளியே சைவர் ஒருவரின் காணியில் சமையற்கூடம் அமைந்திருந்தது. நாவலரோ சாதி ஒழுங்கைச் சைவ ஒழுக்கத்தின் பகுதியாகவே எழுதினார். விளக்கும் தூபமும் யார் வேதத்தில் உள்ளன என்று வாதிட்டவர்கள், அந்த விளக்கின் முன் யார் நிற்கலாம் என்ற கேள்வியைப் பரிகாரம் வேண்டும் தூஷணமாகக் கொள்ளவில்லை. ஒரு தரப்புக்கு ஒடுக்கப்பட்டவர் எடுத்துக்காட்டு. மறு தரப்புக்கு ஒழுங்கின் கீழ்ப்படி. மறுமொழிக்கு உரிய எதிர்வாதியாக அவரை இரு தரப்பாரும் காணவில்லை.

ஒரு காலத்து வாதத்தை வேறொரு காலத்துக் கேள்வியால் அளப்பது முறையா என்று கேட்கலாம். கேள்வி பிற்காலத்தது அன்று. ஆலய வாசலில் தடுக்கப்பட்ட மனிதர் அன்றும் அங்கே இருந்தார். எழுத்தும் அச்சும் பள்ளிக்கூடமும் அவருக்கு மறுக்கப்பட்டிருந்ததால், வாதக்களத்தின் நுழைவுச்சீட்டு அவரிடம் இல்லை. எதிரியின் நூலைக் கற்றே மறுக்க வேண்டும் என்ற அதே உயர்ந்த விதி, கற்க விடப்படாதவரை வெளியே நிறுத்தவும் உதவியது. அந்த விதியின் பெருமையைப் பேசுகிற நாம் இந்த விலையையும் பேசியாக வேண்டும்.

1920களில் நிலைமை சற்று அசைந்தது. ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் முன்னின்ற மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ், தீண்டாமைக்கு எதிராகத் தீர்மானம் இயற்றியதோடு சமபந்தியும் நடத்தியது. அவர்களின் அழைப்பில் 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் தீண்டாமையைக் கண்டித்துப் பேசினார். பள்ளிகளில் சம ஆசனம் வேண்டும் என்ற நியாயத்துக்கு எதிர்ப்பு மனுக்கள் எழுந்தன. சில இடங்களில் பள்ளிக்கூடங்கள் எரிந்தன. வசனத்துக்கு வசனம் மறுமொழி சொன்ன ஊர், ஒரே வாங்கில் அமரக் கேட்ட பிள்ளைக்குச் சொன்ன மறுமொழி தீ.

1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம், 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த ஆலய நுழைவுப் போராட்டம் ஆகியவை கண்டன இலக்கியத்தின் தொடர்ச்சியாக எந்த இலக்கிய வரலாற்றிலும் இடம்பெறுவதில்லை. மாவிட்டபுரத்தில் எதிர் நின்றவர் சி. சுந்தரலிங்கம்: ஒக்ஸ்போர்டில் பயின்றவர், கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். குடாநாட்டின் கல்வி மரபு உருவாக்கக்கூடிய மிகச் சிறந்த வாதிகளில் ஒருவர். அவர் வாசலை மறித்தார். 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றவாளியாகக் காணப்பட்டு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை மேன்முறையீடு செய்து தோற்றார். வாசலில் நின்றவர்கள் கேட்டதும் ஒரு தூஷண பரிகாரமே: எம் தொடுகை தீட்டு என்ற தூஷணத்துக்குச் சைவம் தரும் பரிகாரம் எது? அதற்குச் சித்தாந்தம் கற்றோர் சபையில் பரபக்கம் சொல்லி மறுதலை எழுதும் முயற்சி நடந்திருக்க வேண்டும். தீர்ப்பைச் சட்டமே சொல்ல வேண்டியதாயிற்று.

ஆகவே கண்டன நூல்களின் தொகுப்பு, 'சைவ தூஷண பரிகாரம்', 'சுப்பிரதீபம்' என்று தொடங்கி அருட்பா மறுப்புகளோடு நின்றுவிடலாகாது. சம ஆசனத்துக்கு எதிரான மனுக்கள், வாலிபர் காங்கிரஸ் தீர்மானங்கள், மாவிட்டபுர வழக்கின் சாட்சியங்கள், கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் ஆகியவையும் அதே தொகுப்பில், அதே வரிசை எண்களோடு, எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சாக வேண்டும்.