அரக்கு: சாயமும் மெருகும்

ஜவுளிக்கடையில் அரக்குக் கலர் என்று கேட்டால் ஆழ்ந்த சிவப்பில் புடவையை எடுத்துப் போடுவார்கள். பொற்கொல்லருக்கு அரக்கு என்பது உள்ளே கூடான நகையை நிரப்பும் பொருள். தச்சருக்கோ மரத்தின் மெருகு. நிறத்துக்கும் பிசினுக்கும் ஒரே பெயர் வாய்த்தது எவ்வாறு?

வடமொழியில் இதற்கு லாக்ஷா, ராக்ஷா என இரு வடிவங்கள் உண்டு. தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது. ஆகவே ராக்ஷசன் அரக்கன் ஆனதுபோல ராக்ஷா அரக்கு ஆயிற்று என்று கொள்வது பொருந்தும். பாண்டவர் தப்பிய அரக்கு இல்லத்தைக் கலித்தொகையே குறிப்பிடுகிறது. அவ்வளவு பழைய சொல் இது.

மேற்கே சென்ற லாக்ஷா, பாரசீகம், அரபு வழியாக இலத்தீனில் லாக்கா ஆயிற்று. ஆங்கிலத்தின் லேக் என்னும் சாயப்பெயரும் லேக்கர் என்னும் மெருகுப்பெயரும் அதன் வழிவந்தவை. அங்கும் நிறமும் பிசினும் பிரியவில்லை.

காரணம் பூச்சியிடம் இருக்கிறது. புரசு, இலந்தை, பூவம் ஆகிய மரங்களின் சாற்றை உறிஞ்சும் அரக்குப்பூச்சி, தன்மேல் பிசினைச் சுரந்து மூடிக்கொள்கிறது. குச்சியோடு ஒடித்தெடுப்பது கொம்பரக்கு. அதை நீரில் அலசினால் செஞ்சாயம் பிரியும். பஞ்சில் தோய்த்து மகளிர் பாதத்தில் தீட்டிய செம்பஞ்சுக் குழம்பு இதுதான். நெடுங்காலம் சாயமே விலைபோனது. 1856க்குப் பின் செயற்கைச் சாயங்கள் பெருகி அந்தச் சந்தையை அழித்தன. பிசின் முதன்மை பெற்றது. உருக்கி மெல்லிய தகடாக்கி உடைத்த அதன் செதிள்களுக்கு அவலரக்கு என்ற பெயர் எத்தனை பொருத்தம்!

அலசிய பின்னும் ஒரு சாயம் தங்கிவிடும். அது நீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். அவலரக்கின் செம்மஞ்சள் அதனால் வருவது. அதையும் வெளுத்து நீக்கியதே நிறமற்ற அரக்கு. மர மேசைக்கு நிறம் வேண்டுமென்றால் இந்த அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, அந்தக் கரைசலில் ஸ்பிரிட்டில் கரையும் சாயத்தைச் சிறிதளவு கலந்து மெல்லிய பூச்சுகளாகத் தரவேண்டும். பூச்சுக்குப் பூச்சு நிறம் ஆழமாகும். வேண்டிய அளவில் நிறுத்தி, மேலே சாயமில்லாத பூச்சு இடலாம். ஸ்பிரிட்டும் சூடும் படும் மேசையானால் மேற்பூச்சுக்குப் பாலியூரித்தேன் நல்லது. அது ஒட்டிப் பிடிக்க, அடியில் மெழுகு நீக்கிய அரக்கு இருக்கவேண்டும்.

கடையில் இன்று லேக்கர் என்று விற்கும் டப்பாக்களில் பெரும்பாலானவற்றில் அரக்கே கிடையாது. நைட்ரோ செல்லுலோஸ் கலந்த அந்த மெருகைத் தின்னரில்தான் நீர்க்க வைக்கவேண்டும்; அதற்கேற்ற சாயமும் வேறு. பெயரை நம்பிச் சாயம் வாங்காமல், டப்பாவில் எழுதியிருக்கும் கரைப்பானைப் பார்த்து வாங்குங்கள்.