புள்ளி எங்கே விழுந்திருக்கிறது?

நினைவு தடுமாறும் முதியவர்கள் இருவர். இருவரின் எம்.ஆர்.ஐ. படத்திலும் கடுகளவு கரும்புள்ளிகள். மூளையின் நுண்குழாய் கசிந்த இடத்தில் தங்கிப்போன இரும்புச்சத்துதான் இப்படிக் கறுப்பாகத் தெரிகிறது. சி.டி. ஸ்கேனில் இது பிடிபடாது. எம்.ஆர்.ஐ.யிலும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற தனிப் பதிவு எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும்.

முதலாமவருக்குப் புள்ளிகள் ஆழத்தில், தலாமஸிலும் மூளைத்தண்டிலும். இது பெரும்பாலும் நெடுநாள் ரத்தக்கொதிப்பின் வேலை. பெரிய தமனியிலிருந்து நேராகக் கிளைக்கும் மெல்லிய குழாய்கள் அழுத்தம் முழுவதையும் தாங்கித் தாங்கிச் சுவர் தடித்துப் போகின்றன. அடைபட்ட இடங்களில் 3 முதல் 15 மில்லிமீட்டர் வரை குழிகள் விழுகின்றன.

இரண்டாமவருக்குப் புள்ளிகள் ஓரத்தில், மூளைப் புறணியை ஒட்டி; பின்மடலில் கூடுதலாக. அல்சைமர் நோயில் மூளைத் திசுவில் படியும் அதே அமிலாய்டு புரதம், இங்கே குழாயின் சுவரிலேயே படிந்து அதை நொறுங்கவைக்கிறது. மூளைத் திசுவைச் சோதித்தே உறுதிசெய்ய முடிந்த இந்நோயை, படத்தைக் கொண்டே கணிக்க வழிசெய்தவை பாஸ்டன் அளவுகோல்கள். 2022இல் வந்த அவற்றின் இரண்டாம் பதிப்பு, கசிவுகளோடு வெண்பொருளில் தெரியும் மாற்றங்களையும் கணக்கில் எடுக்கிறது. ஆனால் வெண்பொருளில் விழும் வெண்திட்டுகள் இருவருக்குமே இருக்கும். அவற்றை மட்டும் பார்த்து நோயைப் பிரிக்க முடியாது. ஒரே மூளையில் இரண்டு நோய்களும் சேர்ந்திருப்பதும் உண்டு.

ஆழமா, ஓரமா என்ற கேள்வி ஏட்டுக் கேள்வி அல்ல; சிகிச்சையும் அதைப் பொறுத்தது. ரத்த அழுத்தத்தின் மேல் அளவை 140க்குக் கீழே வைத்தவர்களையும் 120க்குக் கீழே வைத்தவர்களையும் அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் ஆய்வு ஒப்பிட்டது. 2019இல் வெளியான முடிவின்படி, 120க்குக் கீழே வைத்தவர்களிடம் வெண்திட்டுகள் குறைவாகவே வளர்ந்தன. அமிலாய்டு படிந்த குழாய்க்கும் ரத்தக்கொதிப்பு ஆகாதுதான். ஆனால் அங்கே வேறோர் ஆபத்தும் காத்திருக்கிறது. அமிலாய்டைக் கரைக்கும் லெகனிமாப் போன்ற மருந்துகள் மூளையில் வீக்கத்தையும் கசிவையும் உண்டாக்கக்கூடும். அதனால்தான் நான்குக்கு மேல் நுண்கசிவு உள்ளவர்களை அம்மருந்தின் முக்கியச் சோதனையில் சேர்க்கவில்லை.

இவ்வளவு சொல்லும் படத்துக்கு, ‘வயதுக்கேற்ற மாற்றங்கள்’ என்று ஒற்றை வரியில் அறிக்கை எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஸ்கேன் எடுத்தால், எஸ்.டபிள்யூ.ஐ. எடுத்தார்களா, புள்ளிகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.